பன்னிரண்டரை மணித் திருடன்

திருடன் என்றால் எதையாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும். எந்தத் தொழிலுக்கும் அதற்கென்று ஒரு மரியாதை உண்டு. இத்தாலிய ஏரிக்கரை ஊரான டெர்வியோவில் ஃபெர்மோவின் படகுப் பட்டறைக்குள் அந்த வாரம் மூன்று நாள் அடுத்தடுத்துப் புகுந்தவன் ஓர் ஆணியைக்கூட எடுக்கவில்லை. உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் போயிருந்தான்.

"சம்பளம் ஏதும் கேட்டானா?" என்றேன்.

கவாலியேரே அமில்காரே என்னைப் பார்த்த பார்வையில், நான் ஒரு நாற்காலியாக இருந்திருந்தால் தேவலை என்ற எண்ணம் தெரிந்தது. கவாலியேரே என்பது அவருக்கு அரசாங்கம் கொடுத்த பட்டம். பட்டுக் கழுத்துத்துணி ஆலை வைத்திருப்பவர்களுக்கு அதைக் கொடுத்துவிடுவது வழக்கம். ஜூன் மாத வெயிலிலும் கழுத்தில் ஒன்றைச் சுற்றியிருந்தார். அறுபத்தாறு வயது, குட்டையான உருவம். அந்தக் குறையை ஈடுகட்டக் குதிகாலை உயர்த்தி உயர்த்தி நடப்பார்.

"சிஞோரா நிவெஸ் எப்பவும் இப்படித்தான், மன்னிச்சுக்குங்க" என்றார் ஜெரோலமோ.

நிவெஸ் நான்தான். பதினாறு வருஷம் படகுத்துறையில் டிக்கெட் கிழித்துவிட்டு இப்போது ஜெரோலமோவிடம் உதவியாளர். ஜெரோலமோ முன்பு படகு இன்சூரன்ஸில் சேதம் கணக்கிடும் ஆள், இப்போது துப்பறியும் ஆள். ஏரிக்கரையில் பிறந்து ஐம்பத்தெட்டு வயதுவரை ஒரு படகிலும் கால் வைக்காதவர். தண்ணீரைக் கண்டால் பத்தடி தள்ளியே நடப்பார். படிப்பு பாதியில் நின்றுபோனது. இருந்தாலும் எப்போதும் டை கட்டியிருப்பதால் ஊரே அவரை 'டொத்தோரே', அதாவது பட்டதாரி ஐயா, என்றுதான் கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிடுவேன், கொஞ்சம் இழுத்து.

கவாலியேரே விஷயத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை ஏரியில் பழைய பந்தயப் படகுகளுக்கான போட்டி. நிபந்தனை ஒன்றுதான்: முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட படகு, அன்று ஓட்டியவரே இன்றும் ஓட்ட வேண்டும். அறுபத்து மூன்றாம் வருஷம் கவாலியேரே கோப்பை வாங்கிய 'ஸ்கர்லத்தீனா' முப்பத்தோரு வருஷம் அவருடைய கொட்டகையில் கோழிகளுக்கு வீடாக இருந்தது. போன குளிர்காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டுவந்து ஃபெர்மோவிடம் விட்டார். ஆறு மாத வேலை. எச்சத்தைச் சுரண்டவே மூன்று வாரம் ஆனது.

"திங்கக்கிழமை என் சீட்டைக் கழட்டிப் பின்னால தள்ளிப் பூட்டியிருக்கான். செவ்வாய்க்கிழமை புது புரொப்பெல்லரைக் கழட்டிட்டுப் பழசு ஒண்ணை மாட்டியிருக்கான். நேத்தும் வந்திருக்கான். நாசவேலை டொத்தோரே, நாசவேலை! என்னைக் கொல்லப் பாக்கறாங்க!"

"நேத்து என்ன செஞ்சான்?"

கவாலியேரே கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டார். "நேத்து... ஒண்ணும் பெரிசா இல்ல."

"மூணு நாளும் எத்தனை மணிக்கு?"

"பன்னெண்டரைக்கும் ரெண்டுக்கும் நடுவுல. ஃபெர்மோ சாப்பிடப் போற நேரம்."

"அந்த நேரத்துக்கு ஏரிக்கரையில எல்லாரும் சாப்பிடத்தானே போவாங்க?"

"அதான் சொல்றேன். மனுஷனா அவன்!"

அவர் போன பிறகு ஜெரோலமோ தொப்பியை எடுத்தார். "நிவெஸ், கவனிச்சியா? நாசவேலைன்னு கத்திக்கிட்டு வந்த ஆளு, மூணு வேலையில ரெண்டைத்தான் சொன்னாரு."

"மூணாவதுக்குத் தொண்டையில துணி மாட்டிக்கிச்சு டொத்தோரே."

*

பட்டறைக் கதவில் தொங்கியது சுவிட்சர்லாந்துப் பூட்டு. தலைகீழாக நின்றாலும் உடைக்க முடியாதது. சாவி, பக்கத்து ஜன்னலில் ஓர் ஆணியில் தொங்கியது.

"சாவி இங்க இருக்கறது யார் யாருக்குத் தெரியும்?" என்றார் ஜெரோலமோ.

"யாருக்கும் தெரியாது" என்றார் ஃபெர்மோ. "ஊர்க்காரங்களுக்குத்தான் தெரியும்."

ஃபெர்மோ ஐம்பது வயதுக்காரர். கை நிறைய வார்னிஷ், முகம் நிறைய அவமானம். ஒருவன் தன் வேலையைக் கெடுத்துவிட்டால் கோபம் வரும். திருத்திவிட்டுப் போனால் என்ன வருமோ, அதுதான் அவருக்கு வந்திருந்தது.

ஸ்கர்லத்தீனா மரத்தாங்கிகள்மேல் நின்றது. ஸ்கர்லத்தீனா என்றால் செங்காய்ச்சல்; அந்தப் பெயரை வைத்தவன் பொய் சொல்லவில்லை. பார்த்தாலே கண் எரியும் சிவப்பு. முன்னால் இரண்டு பக்கமும் துருத்திய மிதவைகள், நடுவில் பந்தயக் கார் எஞ்சின், அதற்குப் பின்னால் ஒரே ஓர் ஆளுக்கு இடம். வேகம் பிடித்தால் இரண்டு மிதவையும் புரொப்பெல்லரும் மட்டும் தண்ணீரைத் தொடும். மற்றதெல்லாம் காற்றில் போகும். மெதுவாகப் போனால் குளத்தில் விழுந்த எருமை.

"நேத்து சாயந்திரம் நான்தான் எடுத்துக்கிட்டுப் போய்ப் பாத்தேன்" என்றார் ஃபெர்மோ. "கவாலியேரே கரையில நின்னாரு. அவருக்கு முதுகுவலி. போன வாரம்வரைக்கும் இந்தச் சனியன் எந்திரிக்கவே மாட்டேன்னுச்சு. நேத்து அப்படியே பறந்துச்சு டொத்தோரே! எனக்குத் தொப்பி போச்சு, கண்ணாடி போச்சு. கரைக்கு வந்து பாத்தா கவாலியேரே மூஞ்சி பச்சை மாவாட்டம் வெளுத்துக் கிடக்குது. 'எல்லாத்தையும் பழையபடி மாத்து'ன்னாரு."

"படகு நல்லா ஓடுதேன்னு ஒரு வார்த்தை?"

"இல்ல."

ஜெரோலமோ படகுக்குள் எட்டிப் பார்த்தார். படகு தரையில் நின்றதால் அந்த அளவுக்குத் துணிந்தார். சீட்டின் கீழே தட்டினார்.

"இந்த போல்ட் ஓட்டையெல்லாம் அவன் புதுசாப் போட்டதா?"

ஃபெர்மோ தலையைச் சொறிந்தார். "அதான் இல்ல. பழைய ஓட்டை. பெயிண்ட்டுக்கு அடியில அடைஞ்சு கிடந்துச்சு, நானே பாக்கல. அவன் நேரா அதைக் கண்டுபிடிச்சு, சுரண்டி எடுத்து, அதுலயே சீட்டைப் பூட்டியிருக்கான். நான் கவாலியேரேயை உக்கார வச்சு, அவரு கால் எட்டற மாதிரி முன்னால பூட்டியிருந்தேன்."

"இப்ப உக்காந்தா?"

"கால் எட்டல. இந்தா இவ்வளவு" என்று ஒரு சாண் காட்டினார்.

ஜெரோலமோ நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் கண்ணில் ஒரு விளக்கு எரிந்தது. "நிவெஸ், வயசானா மனுஷனுக்கு என்னெல்லாம் கொறையும்?"

"முடி கொட்டும். பல்லு கொட்டும். ஞாபகம் போகும். எங்க வீட்டுக்காரருக்கு இதுல ரெண்டு போயாச்சு."

"காலு?"

"காலு எங்க டொத்தோரே குட்டையாகப் போகுது?"

"அறுபத்து மூணுல இந்த சீட்டுல உக்காந்து ஜெயிச்சவனுக்குக் கவாலியேரேயை விடக் கால் ஒரு சாண் நீளம்."

ஃபெர்மோ சீட்டைப் பார்த்தார், ஒரு சாண் விரித்த தன் கையைப் பார்த்தார்.

ஜெரோலமோ அதற்குள் மிதியருகே குனிந்துவிட்டார். ஆக்ஸிலேட்டர் மிதிக்குக் கீழே பலகையில் நான்கு ஸ்க்ரூ ஓட்டைகள். சுற்றிலும் வார்னிஷ் பளபளக்க, கட்டைவிரல் அகலத்துக்கு மரம் வெறுமையாகத் தெரிந்தது.

"இங்க என்ன இருந்துச்சு ஃபெர்மோ?"

"ஒண்ணும் இல்லையே."

நான் அந்த நேரத்தில் அவருடைய கருவிப்பெட்டியை நோண்டிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் பெட்டியை நோண்டுவதற்குத்தான் எனக்கு அங்கே வேலை. அடியில் ஒரு காகிதக் கைத்துடைப்பான் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. பிரித்தேன். மரத்துண்டு ஒன்று, நான்கு ஸ்க்ரூ. யாரோ பொறுமையாக மடித்துக் கட்டிக் கொடுத்த சீர்வரிசை மாதிரி.

"இது என்ன, உங்க பொண்ணு கல்யாணத்துக்கு வந்த பரிசா?" என்றேன்.

ஃபெர்மோ பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஆப்பு. கவாலியேரேதான் வைக்கச் சொன்னாரு. மிதிக்கு அடியில வச்சா பாதிக்கு மேல அமுக்க முடியாது. யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மாதா மேல சத்தியம் வாங்கிட்டாரு. நேத்து வந்தவன் அதைக் கழட்டி, மடிச்சு, என் பெட்டியிலேயே வச்சிட்டுப் போயிருக்கான். திட்டிட்டுப் போயிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும்."

"ஆக, இந்தப் படகுல நடந்த ஒரே நாசவேலை இந்த ஆப்பு. அதை வச்சவரு நம்மகிட்ட வந்து புகார் குடுத்தவரு." ஜெரோலமோ மரத்துண்டை முகர்ந்தார். "எடுத்தவன் யாரு? அந்தப் பழைய புரொப்பெல்லர் எங்கேருந்து வந்துச்சு?"

"அது இதோட அசல் புரொப்பெல்லர் டொத்தோரே. கையால அரம் போட்டு எடுத்தது, ஓரத்தைப் பாருங்க, சவரக்கத்தி. அது ஏரியில விழுந்துடுச்சுன்னு கவாலியேரே சொல்லியிருந்தாரு."

"ஏரியில விழுந்தது முப்பத்தோரு வருஷம் கழிச்சு எண்ணெய் பூசிக்கிட்டுத் திரும்பி வருதா?" என்றேன்.

*

பன்னிரண்டரை அடித்தது. ஃபெர்மோ சாப்பிடக் கிளம்பினார். தெருவில் ஈ காக்கை இல்லை. எல்லா ஜன்னலிலிருந்தும் முட்கரண்டிச் சத்தம். யார் வீட்டிலோ உப்புமீன் சுடும் வாசனை வந்து ஜெரோலமோவின் டையைப் பிடித்து இழுத்தது.

"உள்ள ஒளிஞ்சு உக்காருவோமா டொத்தோரே? இன்னைக்கும் வருவான்."

"சாப்பிடாமலா?" அவர் முகத்தில் உண்மையான பயம். "நிவெஸ், துப்பறியறதுன்னா பட்டினி கிடக்கறது இல்ல. யோசி. இந்த ஏரிக்கரையில பன்னெண்டரை மணிக்குப் பசிக்காதவன் யாரு?"

"செத்தவன்."

"அதுக்கு அடுத்தபடி?"

"காய்ச்சல்காரன். காதலிக்கறவன். எங்க மாமியார் சமைச்சா நான்."

"பசிக்காதவன்னா ஏற்கெனவே சாப்பிட்டவன். பன்னெண்டரைக்கு முன்னாலயே சாப்பாடு போட்டு முடிக்கற இடம் எது?"

நான் மேலே பார்த்தேன். மலைச்சரிவில், இருநூற்றுப் பதினோரு படிக்கு மேலே, மஞ்சள் சுவரும் பச்சை ஜன்னலுமாக முதியோர் இல்லம். அங்கே சாப்பாட்டு மணி பதினொன்றே காலுக்கு அடிக்கும். கன்னியாஸ்திரீகள் பன்னிரண்டுக்குப் பாத்திரம் கழுவி முடித்துவிடுவார்கள். அந்த இல்லத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று மனசுக்குள் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். கால் நீளமான ஆள் ஒருவரிடம் வந்து நின்றேன்.

"லெயார்கோ" என்றேன். "பயணிகள் படகுல எஞ்சின் ரூம்ல முப்பது வருஷம் இருந்தவரு. நான் டிக்கெட் கிழிச்ச காலம் பூரா, அவரு கீழேருந்து மேல வரும்போது வாசல் நிலையில தலை இடிக்கும். கல்யாணம் ஆகல. அதுக்கு முன்னால... டொத்தோரே, அதுக்கு முன்னால அவரு கவாலியேரேகிட்ட மெக்கானிக்."

படியேற ஆரம்பித்தோம். ஜெரோலமோ நாற்பதாவது படியில் டையைத் தளர்த்தினார், தொண்ணூறாவதில் கழற்றினார். நூற்றுப் பத்தாவது படியில் மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். கொக்கு மாதிரி உயரம், எழுபத்தொரு வயது, கையில் கலகலக்கும் ஒரு பை.

"மதிய வணக்கம் லெயார்கோ" என்றேன். "சாப்பாடு ஆச்சா?"

"ரவைக் கஞ்சி. அதைச் சாப்பாடுன்னா சாப்பாடு." அவர் ஜெரோலமோவைப் பார்த்தார், தன் பையைப் பார்த்தார், படியில் உட்கார்ந்துவிட்டார். "புடிச்சிட்டீங்க. அப்ப மிதவைக் கோணம் மட்டும் பாக்கி நிக்குது. இடதுபக்கம் ஃபெர்மோ ரெண்டு நூல் அளவு தூக்கி வச்சிருக்கான். நல்ல பையன், ஆனா கண்ணு சரியில்ல."

ஜெரோலமோவும் பக்கத்தில் உட்கார்ந்தார். மூச்சு வாங்கியதால் கேள்வியை நானே கேட்டேன்.

"அன்னைக்கு ஓட்டினது நீங்கதானே?"

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு பேசினார். "காலையில கொட்டகைக்குப் பின்னால வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தாரு. பயம். பயப்படறது தப்பு இல்ல, அந்தப் படகைப் பாத்து பயப்படாதவன் முட்டாள். ஹெல்மெட்டையும் சட்டையையும் என் கையில திணிச்சாரு. 'போ லெயார்கோ, ராத்திரி விருந்துல எல்லார் முன்னாலயும் உண்மையைச் சொல்லிடறேன்'னாரு. ஓட்டினேன். நேரா கொட்டகைக்குள்ள வந்து கதவைச் சாத்தினேன். அவரு தலையில தண்ணி ஊத்திக்கிட்டு, சட்டையை மாட்டிக்கிட்டு வெளிய போனாரு."

"விருந்துல?"

"கடைசி மேஜையில உக்காந்து காத்துக்கிட்டு இருந்தேன். சூப் வந்துச்சு. மீன் வந்துச்சு. கேக் வந்துச்சு. விருந்து முடிஞ்சுபோச்சு."

எனக்கு அந்தப் படம் ஞாபகம் வந்தது. கவாலியேரேயின் ஒவ்வொரு பட்டுத்துணிப் பெட்டியின் மூடியிலும் அச்சாகியிருக்கும் படம்: ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட வீரர், படகிலிருந்தபடி கையை உயர்த்துகிறார். சட்டைக் கை முழங்கைக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டிருக்கும். அது அந்தக் காலத்து நாகரிகம் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"மறுநாளே வேலையை விட்டேன். புரொப்பெல்லர் நான் அரம் போட்டது, எடுத்துக்கிட்டு வந்துட்டேன். என் ரூம் சுவத்துல சிலுவைக்குக் கீழ அதான் தொங்கிச்சு. இப்ப பேப்பர்ல போட்டிருக்கான், 'அதே படகு, அதே வீரர், அதே வேகம்'னு. சரி, அதே படகைக் குடுத்துடுவோம்னு நினைச்சேன். நான் எதையும் கெடுக்கல."

"கெடுக்கல" என்றார் ஜெரோலமோ, மூச்சு திரும்பியவராக. "ஆனா ஞாயித்துக்கிழமை தெக்குக் காத்து அடிக்கும், அலை எழும்பும். அவரு இதுல ஏறினா கவுந்து செத்துப்போயிடுவாரு."

"சாகணும்னா முதல்ல மிதியை அமுக்கணுமே டொத்தோரே."

"பயத்துல அமுக்கிட்டா?"

லெயார்கோ பையிலிருந்து ஸ்பேனர் ஒன்றை எடுத்துத் துடைத்தார். "என்னை நிறுத்தச் சொல்லணும்னா அவரு வந்து சொல்லட்டும். நான் எங்கேயும் ஓடிப்போகல. பதினொண்ணே காலுக்குச் சாப்பாட்டுக் கூடத்துல இருப்பேன். மூணாவது மேஜை."

*

கவாலியேரே தன் வீட்டு வராந்தாவில் காபி குடித்துக்கொண்டிருந்தார். ஜெரோலமோ ஆப்பை மேஜைமேல் வைத்தார், கைத்துடைப்பானோடு.

"ஆளைக் கண்டுபிடிச்சிட்டோம் கவாலியேரே. நீங்க கொஞ்சம் அதிர்ச்சி அடைவீங்க."

"லெயார்கோ" என்றார் கவாலியேரே.

அதிர்ச்சி அடைந்தது நாங்கள்தான். ஜெரோலமோ நாற்காலியைத் தேடினார்.

"வேற யாருக்குத் தெரியும் அந்த ஓட்டை எங்க இருக்குன்னு? செவ்வாய்க்கிழமை புரொப்பெல்லரைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு." குரல் இறங்கிவிட்டது. குதிகாலும் தரையில் இருந்தது. "யாருன்னு கண்டுபிடிக்க உங்களைக் கூப்பிடல டொத்தோரே. அவனை நிறுத்தறதுக்குக் கூப்பிட்டேன். முப்பத்தோரு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. நான் எப்படிப் போய் நிறுத்துன்னு சொல்றது? எதை நிறுத்தச் சொல்றீங்கன்னு கேப்பான்."

"அப்ப பந்தயத்துலேருந்து விலகிடுங்க" என்றேன். "முதுகுவலின்னு."

"மிலான்லேருந்து போட்டோகிராபர் வர்றான். ஆலையில புதுப் பெட்டி அச்சாயிடுச்சு."

"அப்ப ஓட்டுங்க."

அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். "நேத்து ஃபெர்மோ ஓட்டினதைப் பாத்தேன். எனக்கு அந்த வாசனை வந்துடுச்சு. அன்னைக்குக் காலையில அடிச்ச அதே பெட்ரோல் வாசனை. ராத்திரி பூரா தூங்கல."

முதல் தடவையாக எனக்கு அந்த மனிதர்மேல் லேசாக இரக்கம் வந்தது. அதைக் காபியோடு விழுங்கிவிட்டேன்.

"ஒரே வழிதான்" என்றார் ஜெரோலமோ. "நீங்க மேல போகணும். அவரு முன்னால நின்னு சொல்லணும்."

"கூடத்துலயா? அத்தனை பேர் முன்னாலயா?" கவாலியேரே யோசித்தார். கண்ணில் வியாபாரி எட்டிப் பார்த்தான். "அங்க இருக்கறவங்க எல்லாருக்கும் வயசு எண்பதுக்கு மேல, இல்ல?"

"பெரும்பாலும்."

"காது கேக்காது?"

"முக்கால்வாசிப் பேருக்குச் சுத்தமாக் கேக்காது."

"அப்ப சரி. நாளைக்குப் போறேன். கிட்டப் போய் மெதுவா ரெண்டு வார்த்தை."

ஜெரோலமோ ஏதோ சொல்ல வந்தார். நான் அவர் காலை மிதித்தேன்.

*

வெள்ளிக்கிழமை பதினொன்றே கால். கூடத்தில் நாற்பது பேர், நாற்பது கிண்ணம், நாற்பது ரவைக் கஞ்சி. சிஸ்டர் பியெரீனா கரண்டியோடு நடுவில் நின்றார். தொண்ணூறு கிலோ எடையுள்ள பக்தி. கவாலியேரே உள்ளே நுழைந்ததும் கரண்டிச் சத்தமெல்லாம் நின்றது. அங்கே விருந்தாளி என்று யாராவது வந்து இரண்டு மாதம் இருக்கும்.

அவர் மூன்றாவது மேஜைக்குப் போனார். லெயார்கோ எழுந்திருக்கவில்லை.

"லெயார்கோ" என்றார் கவாலியேரே, காதோரம் குனிந்து. "அன்னைக்குப் படகை ஓட்டினது நீதான். நான் இல்ல."

"என்ன சொல்றாரு?" என்று பக்கத்துக் கிழவர் கத்தினார்.

"ஏதோ படகாம்!" என்றாள் எதிரிலிருந்த கிழவி.

"படகு வந்திருக்கா? யாரு வந்திருக்கா?"

"சத்தமாச் சொல்லச் சொல்லுங்க!"

கவாலியேரே சுற்றிலும் பார்த்தார். நாற்பது கைகள் நாற்பது காதுகளுக்குப் பின்னால் குவிந்திருந்தன. சிஸ்டர் பியெரீனா கரண்டியால் மேஜையைத் தட்டி எல்லோரையும் அடக்கிவிட்டு, "சொல்லுங்க கவாலியேரே, பெரியவங்க கேக்கறாங்க இல்ல? வாயைத் திறந்து சொல்லுங்க" என்றார்.

கவாலியேரே தொண்டையைச் செருமினார். "படகை ஓட்டினது... லெயார்கோன்னு சொன்னேன்."

"எந்தப் படகு?"

"ஸ்கர்லத்தீனா!"

"யாருக்குச் செங்காய்ச்சல்?"

"காய்ச்சல் இல்லம்மா, படகு! பந்தயப் படகு! அறுபத்து மூணுல!"

"அறுபத்து மூணுல நீதானே ஜெயிச்சே? எங்க வீட்டுல பெட்டி இருக்கே, படம் போட்டு!"

அவர் கழுத்துத்துணியை அவிழ்த்தார். நெற்றி வேர்வையை அதாலேயே துடைத்தார். பிறகு அந்தச் சிறிய உடம்பிலிருந்து, ஆலைச் சங்கு மாதிரி ஒரு குரல் வந்தது.

"நான் ஜெயிக்கல! நான் பயந்துகிட்டுக் கொட்டகைக்குப் பின்னால வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன்! ஜெயிச்சது லெயார்கோ! கோப்பையை நான் எடுத்துக்கிட்டேன்! விருந்துல சொல்றேன்னு சொல்லிட்டுச் சொல்லல!"

ஜன்னல்கள் திறந்திருந்தன. கீழே படகுத்துறையில் பதினொன்றரைப் படகுக்கு நின்றவர்கள் எல்லோரும் தலைதூக்கி மேலே பார்த்ததாக, டிக்கெட் கிழிக்கும் பெண் பிறகு என்னிடம் சொன்னாள்.

கூடத்தில் நாற்பது கைகளும் காதுகளிலிருந்து இறங்கின. எதிரிலிருந்த கிழவி, "இப்பக் கேட்டுச்சு" என்றாள்.

லெயார்கோ கரண்டியை வைத்தார். "உக்காருங்க" என்றார். "ஆறிப்போறதுக்குள்ள ஒரு கிண்ணம் சாப்பிடுங்க. ருசியா இருக்காது."

கவாலியேரே உட்கார்ந்து, சாப்பிட்டார். ருசியாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. முழுவதும் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் தாள் வேலை. அன்று ஓட்டியவரே இன்றும் ஓட்ட வேண்டும் என்பதுதானே நிபந்தனை? கவாலியேரே போட்டிக் குழுவுக்குத் தன் கையால் கடிதம் எழுதினார். ஜெரோலமோ சொல்லச் சொல்ல எழுதினார் என்பதே சரி. நடுவில் 'உடல்நலக் குறைவு' என்று நுழைக்கப் பார்த்த இடத்தில் ஜெரோலமோ அடித்து 'வாந்தி' என்று போடவைத்தார். குழுத் தலைவர் கடிதத்தை மூன்று தடவை படித்துவிட்டு ஓட்டுநர் பெயரை மாற்றினார். இல்லத்தின் டாக்டர் முடியாது என்றார். சிஸ்டர் பியெரீனா டாக்டரைத் தனியே கூட்டிக்கொண்டு போய் ஐந்து நிமிஷம் பேசியதில் அவருக்கு முடிந்தது. சனிக்கிழமை ஃபெர்மோவும் லெயார்கோவும் இடது மிதவையை இரண்டு நூல் இறக்கினார்கள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டே வேலை பார்த்ததால் வேலை சுத்தமாக முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தெற்குக் காற்று அடித்தது. ஐந்து படகுகள், நான்கு சுற்று. ஜெரோலமோ தண்ணீரிலிருந்து முப்பது அடி தள்ளி, மரத்தைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். ஸ்கர்லத்தீனா முதல் இரண்டு சுற்றில் எல்லோரையும் கோமாளி ஆக்கியது. மூன்றாவதில் ஒரு பிளக் செத்து, எஞ்சின் இருமத் தொடங்கியது. இருமிக்கொண்டே லெயார்கோ இரண்டாவதாக வந்தார். முதலாவதாக வந்தவர் லுகானோவிலிருந்து வந்த பல் டாக்டர். வெள்ளைக் கையுறை போட்டு ஓட்டினார். அவரை யாரும் பார்க்கவில்லை. மேலே முதியோர் இல்லத்தின் பச்சை ஜன்னல்கள் எல்லாவற்றிலும் தலைகள், எல்லாத் தலைகளிலும் வாய்கள்.

படகு துறைக்கு வந்தது. லெயார்கோ ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கயிற்றைக் கரைக்கு வீசினார். பிடிக்க வேண்டிய ஃபெர்மோ அப்போது அழுதுகொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற கவாலியேரேயின் மார்பில் வந்து விழுந்தது கயிறு. அறுபத்தாறு வருஷம் ஏரிக்கரையில் இருந்தும், கயிற்றை அடுத்தவர்கள் பிடித்தே பழகியவர் அவர். ஈரக் கயிற்றைத் தூணில் இரண்டு சுற்றுச் சுற்றி, பட்டுத்துணிப் பெட்டிக்குப் போடுகிற மாதிரி ஒரு பூ முடிச்சுப் போட்டார்.

லெயார்கோ அதைப் பார்த்தார். மிலான் போட்டோகிராபர் கேமராவைத் தூக்கினான்.

"அவுத்துக் கட்டுய்யா" என்றார் லெயார்கோ.

கவாலியேரே மண்டியிட்டு, அவிழ்த்து, மறுபடி கட்டினார்.